உரலும் எலும்பும்: பெங்களூர்த் தமிழ்ப் பெண்களின் உழைப்பு வரலாற்றில் ஒரு பக்கம்

அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. குழவி எங்கோ போய்விட்டது. குழியில் மழைத்தண்ணீர் தேங்கும், காக்கை வந்து குடிக்கும். வீட்டை இடித்துக் கட்டிய சமயம் அதை அப்புறப்படுத்த நான்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கூலியைக் கண்டு, "கிடந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டோம். அந்தக் கல்லில் என் பாட்டி, அம்மா, அக்கா ஆகிய மூன்று தலைமுறைப் பெண்கள் மாவாட்டியிருக்கிறார்கள். ஆனால் மூவருடைய எலும்புக்கும் மூன்று விதமான கதி நேர்ந்தது. அது ஏன் என்று துருவிக்கொண்டு போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். ஆகையால் இதை ஒரு சரித்திரக் கட்டுரையாகவே அன்பர்கள் கொள்ள வேண்டும்.

பாட்டி குடியாத்தத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தண்டுக்கு வந்தவள். (கண்டோன்மெண்டை அந்தக் காலத்தார் தண்டு என்றுதான் சொல்லுவார்கள்.) எண்பது தாண்டி வாழ்ந்தாள். ஒரு எலும்பும் முறிந்ததில்லை; ஆனால் கடைசிப் பத்து வருஷம் முழங்கால் மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அம்மா 1991-இல், எழுபதாவது வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை, ஏழாவது மாதம் போய்விட்டாள். அக்காவுக்கு 2018-இல் அறுபத்தெட்டு வயது. வாசற்படி இறங்கும்போது கால் தவறிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்புப்புரை என்றார்கள். பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டுச் சொன்னது இதுதான்: "பளு தூக்காதீங்கம்மா, குனியாதீங்க. மெதுவா நடங்க, அது போதும்."

அக்கா சொன்னதைச் சொன்னபடி செய்பவள். தினமும் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் நாற்பது நிமிஷம் நடந்தாள். வீட்டில் ஒரு குடம் தண்ணீரைக்கூட நகர்த்தவில்லை. நான்கு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால், இடுப்பும் முதுகும் முன்னைவிடக் குறைந்திருந்தன. "நடந்து நடந்து செருப்புதான்டா தேஞ்சுது தம்பி" என்றாள் என்னிடம். அந்தப் பேச்சுதான் இந்தத் தேடலுக்குப் பிள்ளையார் சுழி.

பெங்களூர்த் தமிழர் வரலாறு எழுதப் புகுவோர், 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். பட்டாளத்தோடு வந்த சமையல்காரர், துணி வெளுப்போர், கொத்தர், வண்டிக்காரர், வியாபாரிகள் எனப் பட்டியல் நீளும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்த ஆண்டு 1868 என்று குறிப்பார்கள். 1951-இல் நேரு அடிக்கல் நாட்டி 1956-இல் முடிந்த விதான சௌதாவுக்கு பி.ஆர். மாணிக்கம் தலைமைக் கட்டடக் கலைஞர் என்று பெருமையோடு சொல்லுவோம். கட்டியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கின்றன. அந்தச் சுண்ணாம்பையும் கல்லையும் தலையில் சுமந்த சித்தாள் பெண்களின் பெயர் ஒரு கல்வெட்டிலும் இல்லை. வீட்டுக்குள்ளே உரலோடும் குடத்தோடும் பாடுபட்டவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் இலக்கியம் இந்த விஷயத்தில் வரலாற்றாசிரியர்களைவிட நியாயமாக நடந்துகொண்டிருக்கிறது. உலக்கை குற்றும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டுக்குச் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் இடம் உண்டு. மணிவாசகரும் சுண்ணம் இடிக்கும் பாட்டாகவே திருப்பொற்சுண்ணத்தை அமைத்தார்.

என் பாட்டியின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கிறேன். அவள் சொல்லக் கேட்டதும், சிறுவயதில் நானே பார்த்ததும் கலந்தது இது. விடிவதற்கு முன் தண்ணீர். ஹெசரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் 1896-இல் வந்துவிட்டது, 1933-இல் திப்பகொண்டனஹள்ளித் தண்ணீரும் சேர்ந்தது; ஆனாலும் எங்கள் தெருவில் அது தெரு நல்லியோடு நின்றது. நல்லியடியில் குடத்தை நிரப்பி, குனிந்து தூக்கி இடுப்பில் ஏற்றி வீட்டுக்கு வரவேண்டும். பத்து நடை, பன்னிரண்டு நடை. பித்தளைக் குடம் தண்ணீரோடு பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. பிறகு உரல். நெல் குத்துவது அவள் காலத்திலேயே ரைஸ் மில்லுக்குப் போய்விட்டது என்றாலும், மிளகாயும் அவலும் மாவும் இடிப்பது வீட்டில்தான். பூண் போட்ட உலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுவாள். எதிரே அத்தை நின்று மாற்று உலக்கை போடுவாள். சாயங்காலம் ஆட்டுக்கல், நடுவே அம்மி, விசேஷ நாட்களில் திரிகை.

இவை ஒவ்வொன்றும் எப்படி விலகின என்பது தனி வரலாறு. 1902-இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. 1905-இல் பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது. ஆனால் அந்த மின்சாரம் சமையல்கட்டுக்குள் வந்து பெண்ணின் கையை விடுவிக்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. மாவாட்டும் கிரைண்டரைக் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-இல் செய்தார் என்பர். எங்கள் வீட்டுக்கு அது வந்தது எழுபதுகளின் கடைசியில். அதற்குச் சற்று முன்னால், 1974-இல், காவிரி முதல் கட்டத் தண்ணீர் நகருக்கு வந்தது. சில வருஷத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாய் அடுப்படிக்கே வந்துவிட்டது. மிக்ஸி வந்ததும் அம்மி வாசலுக்குப் போனது. 2005-இல் திப்பசந்திராவில் ஒரு சின்னக் கடையில் முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் இட்லி மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்று ஐடி என்ற பெயரைத் தெரியாத வீடு இல்லை. அதோடு கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும் வேலையும் போயிற்று. (யுத்த காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது மாவாட்டாமலே செய்யும் ரவை இட்லியைக் கண்டுபிடித்தது எம்.டி.ஆர். என்று அந்த ஓட்டல்காரர்கள் சொல்லுவார்கள். அந்த வகையில் மாவாட்டாத இட்லிக்கும் பெங்களூர்தான் தாய்வீடு.)

ஆக, என் அம்மாவின் முப்பதாவது வயதுக்கும் அறுபதாவது வயதுக்கும் நடுவில், ஆயிரம் வருஷமாகப் பெண் உடம்பு சுமந்து வந்த பளு முழுவதும் இறங்கிவிட்டது. நான் அதற்காக வருந்தவில்லை. நாலரை மணிக்கு எழுந்து நல்லியடியில் சண்டை போட்டுவிட்டு வந்த பெண்ணிடம் போய், "குழாய் வேண்டாம், உங்க எலும்புக்கு நல்லது" என்று சொல்லும் துணிச்சல் எந்த ஆணுக்கும் இருக்கக்கூடாது. ஆனால் அந்தப் பளு இறங்கியபோது அதனுடன் வேறொன்றும் போயிற்று. அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

அதைச் சொல்ல, எலும்பு பற்றிய அறிவின் கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும். எலும்பு வீட்டுத் தூண் மாதிரி ஒருமுறை வைத்தால் வைத்ததுதான் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படியன்று. பெர்லினில் யூலியஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892-இல் எழுதிய நூலில், எலும்பு தன்மேல் விழும் பளுவுக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்றார். பளு கூடினால் அந்த இடத்தில் கெட்டிப்படும்; பளு குறைந்தால் கரையும். டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதமோ சற்று மேலேயோ கரைகிறது. இஸ்ரோ இருக்கும் ஊரில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, எடையற்ற நிலையில் தசை என்னவாகிறது என்பதைப் பார்ப்பது அவர் செய்த ஆய்வுகளில் ஒன்று.

பெண்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940-ஐ ஒட்டிக் கண்டு சொன்னது அது: மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதோடு எலும்பு வேகமாகத் தேய்கிறது. ஆகவே ஐம்பதுக்கு மேல் பெண்ணின் எலும்பு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. உள்ளே சுரப்பு போயிற்று. வெளியே, நம் வீடுகளில், உரலும் போயிற்று.

அப்படியானால் எவ்வளவு உழைத்தால் எலும்பு நிற்கும்? என் அக்கா நடந்த நடை ஏன் போதவில்லை? 1984-இல் ரூபின், லான்யன் என்ற இருவர் பறவையின் இறகெலும்பை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எலும்பு அசையாதபடி செய்து, நாள்தோறும் குறிப்பிட்ட தடவை மட்டும் அதன்மேல் பளு கொடுத்தார்கள். பளுவே இல்லாதபோது எலும்பு தேய்ந்தது. நாளைக்கு நான்கே தடவை கொடுத்தபோது தேய்மானம் நின்றது. முப்பத்தாறு தடவை கொடுத்தபோது எலும்பு வளர்ந்தது. அதற்குமேல் ஆயிரத்தெண்ணூறு தடவை கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. எலும்பு தடவைகளை எண்ணிக்கொண்டே போவதில்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பலமாக, எவ்வளவு சுருக்காகப் பளு விழுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. நாற்பது நிமிஷ நடை என்பது நாலாயிரம் மெல்லிய தட்டல்கள். வாழ்நாள் முழுதும் நடந்த எலும்புக்கு அது புதுச் செய்தி அல்ல. நடை இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு நல்லது. ஆனால் நடையை மட்டும் வைத்து முதுகெலும்பின் கெட்டியை ஏற்ற முடியவில்லை என்றுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பறவைக்குச் சரி, பாட்டிமாருக்கு? 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேரைப் பளு தூக்க வைத்தார். எட்டு வாரத்தில் அவர்கள் கால் பலம் இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. 1994-இல் அதே ஊரில் மிரியம் நெல்சன், ஐம்பதிலிருந்து எழுபது வயதுக்குட்பட்ட முப்பத்தொன்பது பெண்களை ஒரு வருஷம் கவனித்தார். வாரத்துக்கு இரண்டே நாள் கடும்பளு தூக்கியவர்களுக்கு இடுப்பிலும் முதுகிலும் ஒரு சதவீதம் அளவு எலும்பு கூடியது. தூக்காதவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைந்தது. ஆனாலும் ஏற்கெனவே எலும்பு புரையோடிய பெண்ணிடம் கனத்தைக் கொடுக்க எல்லாருக்கும் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் 1984-இல் வந்த ஓர் ஆய்வு, எலும்புப்புரை உள்ள பெண்கள் முதுகை முன்னுக்கு வளைத்துச் செய்யும் பயிற்சிகளால் முதுகெலும்பு நொறுங்குவது அதிகமாவதைக் காட்டியது. முதுகைப் பின்னுக்கு நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களுக்கு அது மிகக் குறைவாக இருந்தது. அக்காவின் டாக்டர் "குனியாதீங்க" என்றதற்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது, அந்த மட்டில் அவர் சொன்னது சரியே. "யோகாசனம் போதாதா?" என்று கேட்கும் அன்பர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆசனம் உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும், விழுவதைத் தடுக்கும், அதுவே பெரிய உபகாரம். ஆனால் புரையோடிய முதுகை வைத்துக்கொண்டு பஸ்சிமோத்தானாசனம் செய்வது ஆபத்து. குனியாதே என்பதும் தூக்காதே என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வாயில் சொன்னதில்தான் கோளாறு.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஆஸ்திரேலியாவில், கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர் நடத்திய ஆய்வு, 2018-இல் அச்சாயிற்று. எலும்பு குறைந்த நூற்றொரு பெண்கள், சராசரி வயது அறுபத்தைந்து. பாதிப்பேர் வீட்டில் மெல்லிய பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள், அரைமணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நான்கு காரியம் செய்தார்கள்: தரையில் கிடக்கும் பளுவை முதுகு வளையாமல் எடுத்து நிமிர்வது, தலைக்கு மேலே தூக்குவது, தோளில் பளுவோடு உட்கார்ந்தெழுவது, துள்ளிக் கம்பியைப் பற்றிப் பின் தொப்பென்று கால் ஊன்றிக் குதிப்பது. முதல் ஒன்றிரண்டு மாதம் மெதுவாகப் பழக்கினார்கள். பிறகு ஒருவரால் ஒரேயொரு முறை தூக்க முடிந்த உச்சப் பளுவில் எண்பது சதவீதத்துக்கும் மேல். ஐந்தைந்து தடவையாக ஐந்து சுற்று. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கனம் தூக்கியவர்களுக்கு முதுகெலும்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது; மெல்லிய பயிற்சிக்காரர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. முறிவு ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு முதுகில் லேசான பிடிப்பு, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு நல்லியடிதான் ஞாபகம் வந்தது. தரையிலிருந்து குடத்தை எடுத்து நிமிர்வது. தலைக்கு மேலே உலக்கையை ஓங்குவது. குந்தி எழுவது. கும்மியிலும் பாண்டியாட்டத்திலும் குதிப்பது. விஞ்ஞானிகள் பார்பெல் கம்பியில் கட்டிக் கொடுத்ததை நம்மவர் குடத்திலும் உலக்கையிலும் வைத்திருந்தார்கள் என்று தோன்றிற்று. ஒப்பிடுவது என் சொந்தத் துணிச்சல்தான், ஆனால் முற்றும் ஆதாரமில்லாததும் அல்ல. 2017-இல் கேம்பிரிட்ஜில் அலிசன் மாக்கின்டோஷ் என்ற பெண்மணி, மத்திய ஐரோப்பாவில் ஏழாயிரம் வருஷத்துக்கு முன் முதன்முதல் வேளாண்மை செய்த பெண்களின் கை எலும்பை, இன்று அங்கே படகுப் போட்டிக்காகத் தினம் இரண்டு வேளை துடுப்புப் போடும் கல்லூரிப் பெண்களின் எலும்போடு ஒப்பிட்டார். பழங்காலத்துப் பெண்களின் கைதான் பதினொன்றிலிருந்து பதினாறு சதவீதம் வலுவாக இருந்தது. மண்ணைக் கிளறியதோடு, தானியத்தைக் கல்லில் வைத்து அரைத்ததும் காரணமாகலாம் என்றார். நம் அம்மிக்கு அது பெரிய பாட்டி முறை.

இந்த இடத்தில் "பாருங்க, அந்தக் காலம் எப்படி!" என்று கட்டுரையை முடித்துவிடலாம். மலர்களில் பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் என் பாட்டியின் முழங்கால் விடவில்லை. சிரியா நாட்டில் அபு ஹுரேரா என்ற ஆதி வேளாண் கிராமத்தில் தோண்டியெடுத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மோல்சன், 1994-இல் எழுதினார்: மண்டியிட்டு மணிக்கணக்காகத் தானியம் அரைத்ததன் வடு அங்கே பெண்களின் கால் பெருவிரல், முழங்கால், கீழ்முதுகு எல்லாவற்றிலும் இருக்கிறது. கனம் ஓரளவு வரை எலும்பைக் கட்டும். ஓய்வே இல்லாமல் போனால் மூட்டை அரைத்துவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை அரைமணி என்பதற்கும் தினம் எட்டு மணி என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இன்னொன்றும் உண்டு. சுதந்திரம் வந்த சமயம் நம் நாட்டில் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு அளவில்தான் இருந்தது. பாட்டி தலைமுறையில் இடுப்பு முறிந்தவர்கள் குறைவு என்றால், இடுப்பு முறியும் வயது வரை இருந்தவர்களே குறைவு என்பதும் அதில் சேர்த்தி.

சோற்றுக் கணக்கு இதைவிடக் கசப்பானது. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வீணா சத்ருக்னா குழுவினர், முப்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட 289 ஏழைப் பெண்களைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். சொகுசாக உட்கார்ந்து பழகிய பெண்கள் அல்லர் இவர்கள். ஆனாலும் இடுப்பெலும்பில் பலருக்குப் புரை கண்டிருந்தது. அவர்கள் தின்ற சுண்ணாம்புச் சத்து நாளைக்கு முந்நூறு மில்லிகிராமைத் தொடவில்லை. நம் நாட்டு நிபுணர்கள் 2020-இல் விதித்தபடி அது ஆயிரம், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஆயிரத்து இருநூறு. செங்கல் இல்லாமல் கொத்தனார் மட்டும் வந்து என்ன பயன்? விதான சௌதாவுக்குக் கல் சுமந்த சித்தாளின் எலும்பும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணும்போது அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே மனம் சங்கடப்படுகிறது.

கேழ்வரகு விளையும் சீமையில் இது நடந்தது என்பதுதான் வேடிக்கை. நூறு கிராம் ராகியில் முந்நூற்றைம்பது மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்தோ என்னவோ. மண்டியா வி.சி. பண்ணையில் லட்சுமய்யா என்ற விஞ்ஞானி இந்திய ரகத்தையும் ஆப்பிரிக்க ரகத்தையும் கலந்து இண்டாப் ராகி ரகங்களை உண்டாக்கி, இந்த மாநிலத்தின் விளைச்சலையே உயர்த்தினார். நாமோ வட ஆற்காட்டிலும் தர்மபுரியிலும் களியும் கூழும் தின்று வளர்ந்துவிட்டு, தண்டுக்கு வந்து நாலு காசு கண்டதும் "களி தின்கிற வீடா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். என் அம்மா வீட்டில் ராகியை உள்ளே விடமாட்டாள். அவள் மாமியார் தட்டில் மட்டும் கடைசிவரை களி இருந்தது. பாட்டிக்கு எலும்பு முறியாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு குடும்பத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் தெரியும். இதோடு வெயிலும் போயிற்று. பின்கட்டில் நின்று உலக்கை போட்டவளுக்கு முதுகில் வெயில் பட்டது. அடுக்குமாடியில் இருப்பவளுக்கு வைட்டமின் டி மாத்திரையாக வருகிறது.

பளு என்றால் நம் சமூகம் யாரை நினைத்தது என்பதையும் சொல்லவேண்டும். பெங்களூர்ப் பேட்டையில் கரடி மனைகள் இருந்தன. கர்லாக்கட்டையும் மண் கோதாவும் ஆண்களுக்கே. ஜே.சி. ரோட்டில் வியாயாமசாலை நடத்திய கே.வி. ஐயர், தபால் மூலம்கூட உடற்பயிற்சி கற்றுக்கொடுத்து, 1930-களில் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றார். கன்னடத்தில் சாந்தலா என்ற வரலாற்று நாவலை எழுதியவரும் அவரே. அந்த நாவலின் நாயகி ஹொய்சள அரசி. ஆனால் அந்தக் காலத்து வீட்டுப் பெண் எவளும் கர்லாக்கட்டை சுழற்றுவதை ஊர் ஒப்புக்கொண்டிருக்காது. ஆண் தூக்கினால் அது தேகப்பயிற்சி. பெண் தூக்கினால் அது வேலை. வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, தேகப்பயிற்சியை அவளுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "ரெஸ்ட் எடுங்க" என்றோம்.

அக்காவின் கதையை முடிக்கவில்லை. அவளுடைய பேத்தி பிசியோதெரபி படித்தவள். 2022-இல் அவள்தான் வேறொரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய், முதுகெலும்பில் நொறுங்கல் ஏதும் இல்லையென்று எக்ஸ்ரே பார்த்து, அனுமதி வாங்கினாள். மாத்திரையை நிறுத்தவில்லை. முதல் மாதம் வெறும் துடைப்பக் கட்டை. முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கி எடுப்பதைப் பழக மட்டும் ஐந்து வாரம் ஆயிற்று. பிறகு இரண்டு கிலோ, ஐந்து கிலோ. "பாட்டி, வயித்த இறுக்குங்க, மூச்ச விடுங்க, தூக்குங்க" என்று பேத்தி சொல்ல, அக்கா முணுமுணுத்துக்கொண்டே தூக்குவாள். எனக்குப் பார்க்கவே பயம். அடுத்த தெருக்காரர்கள், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். குதிப்பதை மட்டும் பேத்தி அனுமதிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குதிகாலை உயர்த்தித் தொப்பென்று ஊன்றச் சொன்னாள். காலையில் ராகிக் கஞ்சியும் ஏற்பாடாயிற்று.

போன வருஷம் ஸ்கேன் எடுத்தோம். இடுப்பு குறையவில்லை, முதுகு இம்மியளவு ஏறியிருந்தது. மாத்திரையாலா, பளுவாலா, கஞ்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் பேத்தி. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இப்போது அவள் தரையிலிருந்து தூக்கும் பளு இருபத்திரண்டு கிலோ. சென்ற தையில் ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டையை நான் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு இறக்கலாம் என்று வாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அது அடுப்படியில் இருந்தது. "இருபது கிலோ மூட்டைடா, இதுக்குப் போய் ஆளா?" என்றாள் அக்கா. பிறகு பின்கட்டுப் பக்கம் பார்த்து, "அந்தக் குழவி எங்கடா போச்சு?" என்று கேட்டாள்.